பழைய மினியேச்சரில் பெயின்ட் உரிக்க: மருந்தை அப்புறம் பாருங்கள், முதலில் உடம்பைப் பாருங்கள்

டர்பனின் ஃபீனிக்ஸிலிருந்து வந்த கேள்வியின் சுருக்கம் இது. யாரோ விற்ற பழைய பெட்டி ஒன்றில் நாற்பது போர் விளையாட்டு மினியேச்சர்கள், அதாவது மேசைமேல் வைத்து ஆடும் சின்னப் பொம்மைகள். சில கனமான குள்ளர்கள், சில பிளாஸ்டிக் சிப்பாய்கள், இரண்டு மூன்று பெரிய பூதங்கள். எல்லாவற்றிலும் பெயின்ட் தடித்துப்போய் முகமே தெரியவில்லை. லேக்கர் தின்னரில் போடு என்கிறார் ஒருவர், பிரேக் ஆயில் என்கிறார் இன்னொருவர், டெட்டால் போதும் என்கிறார் மூன்றாமவர். எதைக் கேட்பது?

மூவர் சொன்னதும் ஏதோ ஒரு பொம்மைக்குப் பொருந்தும். அதே மூன்றும் வேறொரு பொம்மையைக் கெடுக்கும். லேக்கர் தின்னர் உலோகக் குள்ளனை ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக் சிப்பாயைக் கால் மணி நேரத்தில் கூழாக்கிவிடும். பெயின்ட் என்ன என்பது இரண்டாவது கேள்விதான். பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் உடம்பு என்ன என்பதே முதல் கேள்வி. அதனால் எந்தப் போத்தலையும் திறப்பதற்கு முன் பெட்டியை மேசைமேல் கொட்டி, பொம்மைகளை உடம்பு வகைப்படி தனித்தனிக் குவியல்களாகப் பிரியுங்கள்.

உலோகத்தைக் கை சொல்லிவிடும், கனமாக இருக்கும். ஆனால் உலோகத்திலும் இரண்டு வகை உண்டு. பழையவற்றில் ஈயம் கலந்திருக்கும். மினியேச்சர் தயாரிக்கும் சிட்டடெல் 1997 வாக்கில்தான் ஈயத்தை விட்டு வெள்ளீயக் கலவைக்கு மாறியது. அதற்கு முந்தையது என்றால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளில் அழுத்தி இழுத்தால் பென்சில் கோடு போல் சாம்பல் கோடு விழுந்தால், ஈயம் அதிகம்.

மீதியைப் பிரிக்கக் கத்தியும் ஒரு சொட்டு பிளாஸ்டிக் சிமென்ட்டும் போதும். யாரும் பார்க்காத அடிப்பாகத்தில் கத்தியால் லேசாகச் சீவுங்கள். தேங்காய்ப் பத்தை போலச் சுருண்டு வந்தால் பாலிஸ்டைரீன், அதாவது வழக்கமான கடின பிளாஸ்டிக். மாவாக உதிர்ந்தால் ரெசின். கத்தி ரப்பரில் இறங்குவதுபோல இறங்கி, வாளையும் ஈட்டியையும் விரலால் வளைத்தால் வளைந்து திரும்பினால் பிவிசி. ரீப்பர் நிறுவனத்தின் போன்ஸ் வரிசை அந்த ரகம். சந்தேகம் தீராவிட்டால் சீவிய இடத்தில் பிளாஸ்டிக் சிமென்ட் ஒரு சொட்டு. பாலிஸ்டைரீன் அரை நிமிடத்தில் பிசுபிசுக்கும். ரெசினுக்கு ஒன்றும் ஆகாது. உடம்பெங்கும் கைரேகை போல மெல்லிய படிக்கோடுகளும், அடியில் வரிசையாகப் புள்ளித் தழும்புகளும் இருந்தால் அது 3டி அச்சில் எடுத்த ரெசின். அதைத் தனியாக வையுங்கள். கெடுவதற்கு எப்போதும் தயாராக இருப்பது அதுதான்.

அடுத்தது பெயின்ட். விளையாட்டு மினியேச்சர்களில் பெரும்பாலும் தண்ணீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக்தான். காய்ந்த அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக் தோல். ஆல்கஹால் அதைச் சர்க்கரை போலக் கரைப்பதில்லை. உள்ளே ஊறி, தோலை உப்பவைத்து, உடம்போடு அதற்கு இருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பலர் நாள்கணக்கில் ஊறவைத்துவிட்டு, 'பெயின்ட் அப்படியே இருக்கிறதே' என்று இன்னும் கடுமையான திரவத்துக்கு ஓடுகிறார்கள். பெயின்ட் எழும்பித்தான் இருக்கும், தேய்த்தால்தான் வரும். ஊறவைப்பது பாதி வேலை, பல் துலக்கும் பிரஷ் மீதி வேலை.

எனாமல் அப்படியல்ல. காற்றோடு சேர்ந்து இறுகும் எண்ணெய்ப் பெயின்ட் அது. பழைய உலோக பொம்மைகளில் ஹம்ப்ரால் எனாமல் நிறைய வரும். ஆல்கஹால் அதன்மேல் மெதுவாகத்தான் வேலை செய்யும். இன்னொரு தொல்லை, பழுப்பு நிற வார்னிஷில் பொம்மையை முக்கி எடுக்கும் வழக்கம். கடையில் குவிக்‌ஷேட் என்று கிடைக்கும் அது பாலியூரித்தேன் வார்னிஷ். பொம்மை தேன் பூசியதுபோல் பளபளத்து, பள்ளங்களில் பழுப்புத் தேங்கியிருந்தால் இதுதான். அதன் அடியில் இருக்கும் அக்ரிலிக்குக்கு ஆல்கஹால் எளிதில் போய்ச் சேராது. மேடான இடங்களில் நுண்மணல் தாளால் நாலு இழுப்பு இழுத்து வார்னிஷில் வழி திறந்துவிட்டு ஊறவைத்தால் நேரம் பாதியாகும். ஈய பொம்மையில் மட்டும் உலர் மணல் தாள் வேண்டாம், தூசு மூச்சில் போகும். அங்கே பொறுமையாக இரண்டு மூன்று முறை ஊறவையுங்கள்.

இனி மருந்துகள். டர்பனிலோ ஜொகன்னஸ்பர்க்கிலோ தேடி அலையாமல் கிடைப்பவற்றை மட்டும் சொல்கிறேன். அமெரிக்கக் காணொளிகளில் காட்டும் சிம்பிள் கிரீன் என்னும் துப்புரவுத் திரவம் நல்ல சரக்குதான், போன்ஸ் ரக பிவிசிக்கு ஏற்றது. ஆனால் அதற்காகக் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

என் முதல் தேர்வு 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால். மின்னணுப் பொருள் விற்கும் கடைகளிலும் ரசாயனக் கடைகளிலும் லிட்டராகக் கிடைக்கும். மருந்துக்கடையில் விற்கும் 70 சதவீதமும் வேலை செய்யும், ஆனால் மூன்று பங்கில் ஒரு பங்கு தண்ணீர் என்பதால் மெதுவாக. கைச் சுத்திகரிப்பான் ஜெல் மிச்சம் இருக்கிறதே என்று அதில் முக்கினால், ஜெல்லைக் கெட்டியாக்கும் பொருள் பள்ளங்களில் ஒட்டிக்கொண்டு அதைக் கழுவுவது தனி வேலையாகும்.

இரண்டாவது மெத்திலேட்டட் ஸ்பிரிட். சூப்பர்மார்க்கெட்டிலேயே இருக்கிறது, விலையும் குறைவு. அடிப்படையில் எத்தனால்தான், யாரும் குடித்துவிடக்கூடாது என்று விஷமும் நிறமும் சேர்த்தது. அக்ரிலிக்கை நன்றாகவே எழுப்பும். அந்த நீல ஊதாச் சாயம் வெள்ளை பிளாஸ்டிக்கில் லேசாக ஏறலாம். மேலே மறுபடி பிரைமர், அதாவது அடிப்பூச்சு, வரப்போவதால் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மூன்றாவது டெட்டால். அந்தப் பழுப்பு நிறத் திரவம்தான், சோப்போ துடைப்பத் திரவமோ அல்ல. அதில் கிருமியைக் கொல்லும் குளோராக்சிலினாலோடு பைன் எண்ணெயும் ஆல்கஹாலும் ஆமணக்கு எண்ணெய்ச் சோப்பும் இருக்கின்றன. அக்ரிலிக்கை எழுப்பும் வேலையைப் பைன் எண்ணெயும் ஆல்கஹாலும் சேர்ந்து செய்கின்றன. சாவ்லானில் பைன் எண்ணெய் இல்லை, அதனால் அதை இதற்குப் பதிலாக எடுக்காதீர்கள். தண்ணீர் கலக்காமல் பொம்மை மூழ்கும்வரை ஊற்றி ஓர் இரவு விட்டால் உலோகம், பாலிஸ்டைரீன் இரண்டுக்கும் சரியாக வரும்.

டெட்டாலில் தோற்பவர்கள் எல்லோரும் தோற்பது ஒரே இடத்தில்தான். ஊறிய பொம்மையை எடுத்து நேராகக் குழாயடியில் காட்டுவார்கள். தண்ணீர் பட்டதும் டெட்டால் பாலாக வெளுக்கும். அதே நொடியில், எழும்பி நின்ற பெயின்ட் முழுவதும் தார் போல ஒரு பிசினாகிப் பொம்மையிலும் பிரஷிலும் கையுறையிலும் அப்பிக்கொள்ளும். தண்ணீர் சேர்ந்ததும் பைன் எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்துவிடுகிறது. அதுவரை இளகலாக வைத்திருந்த திரவம் போய்விட்டதால் பெயின்ட் மறுபடி ஒட்டுகிறது. ஆகவே வரிசை முக்கியம்: டெட்டாலில் ஊறவை, டெட்டாலில் பிரஷை நனைத்துத் தேய், இன்னொரு சின்னக் கிண்ணத்துப் புது டெட்டாலில் அலசு, பழைய துணியில் துடை, பிறகு பாத்திரம் கழுவும் சன்லைட் திரவத்தைத் தண்ணீர் சேர்க்காமல் தடவித் தேய், கடைசியில்தான் தண்ணீர். ஏற்கெனவே பிசினாகிவிட்டதா? மறுபடி புது டெட்டாலில் ஒரு மணி நேரம் போட்டால் இளகும். அல்லது ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள். வீட்டில் பூனை இருந்தால் இந்த மருந்தையே விட்டுவிடுங்கள். இவ்வகைப் பீனால்களைப் பூனையின் ஈரலால் கழிக்க முடியாது; சிந்தியதை மிதித்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே ஆபத்து.

பிரேக் ஆயில் வேலை செய்யும் என்பது பொய்யில்லை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று எழுதியவை கிளைக்கால் வகை, பெயின்ட்டைத் தூக்கும். டாட் 5 மட்டும் சிலிக்கான், அதில் வருடம் முழுக்கப் போட்டாலும் ஒன்றும் நடக்காது. ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தோல் வழியே உடம்பில் ஏறும், நாய் நக்கினால் விஷம். பொம்மையின் இடுக்கில் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசை புதுப் பிரைமரை ஒட்டவிடாது. ஸ்பிரிட் செய்யும் வேலைக்கு இவ்வளவு வம்பு எதற்கு?

அசிட்டோன், லேக்கர் தின்னர், ஹார்ட்வேர் கடையின் ஜெல் பெயின்ட் ரிமூவர் ஆகிய மூன்றும் உலோகத்துக்கு மட்டும். ஆல்கஹால் அசைக்காத எனாமலையும் பாலியூரித்தேன் வார்னிஷையும் அசைக்க அசிட்டோன் கைகொடுக்கும். சூப்பர் குளூவையும் சேர்த்தே கரைக்கும், அதனால் கை தனி தலை தனி என்று கழன்று வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் உலோக பொம்மைக்குப் பிளாஸ்டிக் கேடயம் ஒட்டியிருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். சிறகும் கேடயமும் பிளாஸ்டிக், உடம்பு மட்டும் உலோகம் என்ற கலப்பு உருவங்கள் பழைய பெட்டிகளில் ஏராளம்.

காஸ்டிக் சோடாவும், அது கலந்த அடுப்பு சுத்தம் செய்யும் ஸ்பிரேயும் வேண்டவே வேண்டாம். பெயின்ட்டோடு வெள்ளீயத்தையும் ஈயத்தையும் அரித்து உலோகத்தைக் கறுக்கவைக்கும். கண்ணில் ஒரு சொட்டு தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. இன்னொரு எச்சரிக்கை நம் வீடுகளுக்கென்றே: குத்துவிளக்குத் தேய்க்கும் புளியையும் வினிகரையும் ஈய பொம்மை பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஈயத்துக்கு அமிலம் ஆகாது. பொம்மைமேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது ஈயம் அமில ஆவி பட்டு அரித்த அடையாளம். ஓக் போன்ற மர அலமாரியில் காற்றோட்டமின்றிப் பல வருடம் அடைபட்டிருந்தால் இப்படி ஆகும். அந்தப் பொடி நச்சு. அதை ஊதாதீர்கள், உலரத் தேய்க்காதீர்கள். முகக்கவசம் போட்டு ஈரத்தில் வைத்தே பிரஷால் எடுங்கள்.

வேலைக்கு வருவோம். ஊறவைக்கக் கண்ணாடி ஊறுகாய்ப் போத்தலே சிறந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அடுக்கியிருக்கும் ஐஸ்கிரீம் பக்கியும் (பிளாஸ்டிக் டப்பா) ஆகும், அடியில் முக்கோணத்துக்குள் 5 அல்லது 2 என்று இருந்தால். 6 என்று இருந்தால் அது பாலிஸ்டைரீன். அசிட்டோனை ஊற்றினால் பக்கி கரைந்து மேசைக்கு வரும். எதுவானாலும் அதன்பின் சமையலறைக்குத் திரும்பக்கூடாது. கறிவேப்பிலை போட்டுவைக்க யாராவது எடுத்துவிடாமல் மேலே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

28 மில்லிமீட்டர் உயர உருவங்கள் எட்டுப் பத்து சேர்ந்து 750 மில்லி போத்தலில் அடங்கும், அரை லிட்டர் ஆல்கஹால் தேவைப்படும். பொம்மைக்கு மேல் ஒரு விரற்கடை திரவம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஈட்டி முனைகள் மட்டும் பழைய பெயின்ட்டோடு நிற்கும். மூடி இறுக்கமாக இருக்கட்டும், ஆல்கஹால் பறந்துவிடும்.

போடுவதற்கு முன் அடித்தட்டைக் கழற்றுங்கள். எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) தட்டு ஊறி உப்பும், அடியில் காந்தம் இருந்தால் துருப்பிடிக்கும், மணலும் செயற்கைப் புல்லும் உதிர்ந்து திரவத்தைச் சேறாக்கும். சூப்பர் குளூ என்றால் பொம்மையை ஒரு பையில் போட்டு இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் அந்தப் பசை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். மெல்லத் திருகினால் டக்கென்று விடும். பிளாஸ்டிக் சிமென்ட்டால் ஒட்டியதை இப்படிப் பிடுங்கப் பார்க்காதீர்கள். அது உண்மையில் பசையே அல்ல, இரண்டு துண்டும் உருகி ஒன்றாகிவிட்டன. கால்தான் முறியும்.

நேரம் உடம்பைப் பொறுத்தது. உலோகத்துக்கு அவசரமில்லை, ஒரு நாள் முழுக்க விடலாம். பாலிஸ்டைரீனை அரை மணி நேரத்தில் எடுத்துப் பாருங்கள். மெல்லிய பூச்சு அப்போதே சுருங்கித் தோலாக எழும். தடித்தது என்றால் நாலு மணி நேரம், மிஞ்சினால் ஓர் இரவு. ஒரு நாளைத் தாண்டி விட்டுவைத்தால் சில பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும். மெல்லிய வாள், வில் எல்லாம் முதலில் போகும். வார்த்த ரெசினுக்கு இருபது நிமிடம், பிறகு தேய்த்துப் பார்த்து மறுபடி இருபது. 2011இல் சிட்டடெல் வெளியிட்ட ஃபைன்காஸ்ட் ரகம் இதிலும் மென்மையானது, ஆல்கஹாலில் இளகும். கண்ணை எடுக்காமல் நில்லுங்கள். 3டி அச்சு ரெசினுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், அதற்குமேல் இல்லை. அதிகம் ஊறினால் வீங்கி, உலரும்போது வெடிக்கும். பிவிசியை ஆல்கஹாலில் நெடுநேரம் விட்டால் அதை வளையவைக்கும் எண்ணெய்ப்பொருள் வெளியேறி மேல்தோல் பிசுபிசுக்கும், எத்தனை நாள் காய்ந்தாலும் போகாது.

எந்தக் குவியலானாலும் முதலில் ஒரே ஒரு பொம்மை. அதிலும் மட்டமானது.

தேய்க்க நடுத்தரக் கடினமான பல் துலக்கும் பிரஷ் எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக்குக்கும் ரெசினுக்கும் மென்மையானது. கம்பி பிரஷ் உலோகத்துக்குக்கூட வேண்டாம். வெள்ளீயக் கலவை மிருதுவானது, கீறல் விழும். தேய்க்கும்போது பிரஷை அடிக்கடி அதே ஆல்கஹாலில் நனையுங்கள். காயவிட்டால் கழன்ற பெயின்ட் அடுத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அக்குள், தாடிக்கும் மார்புக்கும் நடு, கவசத்தின் மடிப்பு போன்ற இடுக்குகளுக்குப் பல்லிடுக்கு பிரஷும் மரப் பல்குத்தியும். குண்டூசியால் கிண்டினால் புதுக் கோடுகள் விழும், அவை பெயின்ட் அடித்தபின்தான் தெரியும். கடைசியாக வெதுவெதுப்பான தண்ணீரிலும் சன்லைட்டிலும் கழுவுங்கள், கீழே டீ வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு. கழன்ற கைகள் தொட்டிக் குழாயில் போனால் திரும்பி வராது. கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக்கும் ரெசினும் கோணிவிடும்.

நைட்ரில் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். ஆனால் அசிட்டோனுக்கு மெல்லிய நைட்ரிலும் நிற்காது, மெல்லிய லேட்டக்ஸும் நிற்காது; அதற்குப் பியூட்டைல் ரப்பர் கையுறை வேண்டும். ஐசோப்ரோபைலின் ஆவி 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு எழும், டர்பனில் ஜூலைப் பகல்கூட அதைவிடச் சூடு. எனவே ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அருகில் நெருப்பு எதுவும் கூடாது. சாமி விளக்கு எரியும் அறையில் இந்த வேலையை வைக்காதீர்கள். கரண்ட் போய் மெழுகுவத்தியோ காஸ் விளக்கோ ஏற்ற வேண்டி வந்தால் முதலில் போத்தலை மூடி வெளியே எடுத்துவிடுங்கள். ஸ்பிரிட் எரியும் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

நகை கழுவும் அல்ட்ராசானிக் பெட்டி இருந்தால் இடுக்குகளுக்கு அருமையானது. ஆனால் பெட்டியின் தொட்டியில் ஆல்கஹாலை ஊற்றாதீர்கள்; அது சூடாகும், ஆவி எழும், உள்ளே மின்சாரம் இருக்கிறது. தொட்டியில் தண்ணீரும் இரண்டு சொட்டுச் சன்லைட்டும் போதும். ஊறி எழும்பிய பொம்மையை அதில் மூன்று நிமிடம் ஓட்டுங்கள்.

எவ்வளவு தேய்ப்பது என்பதில்தான் பலர் அளவு தெரியாமல் போகிறார்கள். பொம்மை அச்சிலிருந்து வந்த நிறத்துக்குத் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. ஸ்பிரே பிரைமர் பிளாஸ்டிக்கைச் சற்றே கடித்துக்கொண்டு உட்காரும். கறுப்பு பிரைமர் அடித்த சாம்பல் நிற பிளாஸ்டிக் கடைசிவரை அழுக்காகத்தான் தெரியும். நகத்தால் சுரண்டினால் உதிரவில்லை, முகத்தின் கண்ணும் கவசத்தின் ஆணியும் கூர்மையாகத் தெரிகின்றன என்றால் நிறுத்துங்கள். மிச்சக் கறையைத் துரத்திப் போனால் கறை போகாது, மூக்கு போகும்.

உங்கள் நாற்பதுக்கு இப்படிச் செய்யலாம். உலோகக் குள்ளர்கள் முதலில், ஸ்பிரிட்டில், ஓர் இரவு. அவற்றில் கை பழகும், கெடவும் கெடாது. எனாமலாக இருந்து அசையாமல் நிற்பவற்றை மட்டும் தனியாக அசிட்டோனில் போடுங்கள், வாசலுக்கு வெளியே. பிறகு பிளாஸ்டிக் சிப்பாய்கள் பத்துப் பத்தாக ஐசோப்ரோபைலில். பெரிய பூதங்கள் ரெசின் என்றால் அவற்றை முழுசாக முக்காமல், ஆல்கஹாலில் நனைத்த பிரஷால் பகுதி பகுதியாகத் தேய்த்தாலே போதும்.

ஆல்கஹாலைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டு நாள் அசையாமல் வைத்தால் பெயின்ட் அடியில் வண்டலாகத் தங்கும். மேல் திரவத்தைக் காபி வடிதாளில் வடித்தால் நிறம் கலங்கலாக இருந்தாலும் இன்னும் நாலைந்து முறைக்கு வேலை செய்யும். வண்டலைக் கழிவுத் தொட்டியிலோ தெரு வடிகாலிலோ ஊற்றக்கூடாது; டர்பனின் மழைநீர் வடிகால் ஆற்றுக்கும் கடலுக்கும்தான் போகிறது. பூனை மணலிலோ மரத்தூளிலோ ஊற்றி, குழந்தைகளும் பிராணிகளும் எட்டாத திறந்த வெளியில் முழுக்க உலரவிட்டுக் கட்டிப்போடுங்கள். ஈய பொம்மை கழுவிய வண்டலைத் தனியாக மூடி வைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கழுவிய பொம்மைகளை ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள், ஜனவரி புழுக்கத்தில் இரண்டு நாள். கேடயத்தின் பின்பக்கம் ஒரு சொட்டு ஈரம் ஒளிந்திருந்தாலும் புதுப் பிரைமர் அந்த இடத்தில் கொப்பளிக்கும். ஸ்பிரே அடிப்பதைக் காற்றில் ஈரம் குறைந்த பகலுக்குத் தள்ளிவையுங்கள். மழைக்கு முந்தைய மாலையில் அடித்தால் மேலே வெண்பனி படர்ந்ததுபோல் மாவு பூக்கும், போத்தலை மறுபடி திறக்க வேண்டிவரும்.